ரசீதுப் புத்தகம்

கென்யாவின் கிசுமு. நியாலெண்டா குடியிருப்பு. 2024 ஜனவரி, காலை ஏழே கால்.

கல்வி உதவி மையம். தகரக் கூரை. மஞ்சள் பூசிய சுவர். பச்சைக் கதவு திறக்க இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கிறது. வெளியே பெஞ்சில் இடமில்லை. பாட்டிகள்தான் அதிகம். ஒவ்வொருவர் மடியிலும் ஒரு பிளாஸ்டிக் பை. பைக்குள் பழுப்பு உறை. உறைக்குள் பள்ளிச் சேர்க்கைக் கடிதம், மதிப்பெண் தாள். சில உறைகளில் ஒரு மரணச் சான்றிதழ். சிலவற்றில் இரண்டு.

பக்கத்தில் பேரப்பிள்ளைகள் நிற்கிறார்கள். எட்டாம் வகுப்பு முடித்தவர்கள். 1985இல் வந்த 8-4-4 கல்வி முறையில் கே.சி.பி.இ. தேர்வு எழுதிய கடைசி மாணவர்கள். அந்தத் தேர்வு 2023உடன் முடிந்துவிட்டது.

கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில் கட்டணம். விடுதியுள்ள தேசியப் பள்ளிக்கு ஆண்டுக்கு 53,554 ஷில்லிங். பாட்டிகளில் பலருக்கு எழுத்து தெரியாது. அந்த எண் இருக்கும் இடம் தெரியும். விரல் வைத்துக் காட்டுகிறார்கள்.

வாசலில் காவலர். முட்டுக்கொடுத்த மேசையில் வருகைப் பதிவு நோட்டு. பெயர், ஊர், நேரம். எழுத வராதவர்களுக்கு அவரே எழுதுகிறார். பெரிய பெரிய எழுத்து. ஒவ்வொன்றுக்கும் உதடு அசைகிறது. முடித்ததும் உரக்கப் படிக்கிறார். பாட்டி தலையசைத்த பிறகே பேனாவை மூடுகிறார்.

காவலரின் உள்ளங்கையில் கயிறு அறுத்த தழும்புகள். விக்டோரியா ஏரியில் ஒமேனா பிடித்த கைகள். ஒமேனா விரல் நீளம்கூட வராத வெள்ளி மீன். நிலா இல்லாத இரவில் விளக்கேற்றி, வெளிச்சத்துக்கு வருவதை வலை போட்டு அள்ள வேண்டும். 1990களில் ஆகாயத்தாமரை வளைகுடாவை மூடியது. படகுகள் கரைக்கு வர முடியவில்லை. கடன் பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்காமல் பெருவிரல் வைத்தார். படகு போயிற்று. இந்தக் கதவுக்குக் காவலராக வந்தார். மாலையில் இதே கட்டடத்தில் நடந்த முதியோர் வகுப்பில் கடைசி வரிசையில் உட்கார்ந்தார். இப்போது தபால்காரர் கொண்டுவரும் உறையைக்கூட வெளிச்சத்தில் திருப்பி, முகவரியை முழுதாகப் படித்த பிறகுதான் உள்ளே அனுப்புகிறார்.

பின்கட்டில் புகை. கரி அடுப்பில் அலுமினியப் பானை. கேழ்வரகும் சோளமும் கலந்த மாவு கொதிக்கிறது. உஜி. பெஞ்சில் இருப்பவர்களுக்கும் உண்டு, பிள்ளைகளுக்கும் உண்டு. சமையல்கார அம்மா முறத்தில் பீன்ஸ் புடைத்துக் கல் பொறுக்குகிறார். மண்ணெண்ணெய் டப்பாவில் சாய்த்து ஒரு பழைய கணக்கு வினாத்தாள். ஒரு கல். ஒரு வரி. இன்னொரு கல்.

2003 ஜனவரியில் ஜனாதிபதி கிபாக்கியின் அரசு தொடக்கப் பள்ளிக் கட்டணத்தை நீக்கியது. அந்த ஆண்டு சுமார் 13 லட்சம் பிள்ளைகள் புதிதாக வகுப்புகளில் வந்து சேர்ந்தார்கள். அவர்களில் ஒருத்தி, இந்தச் சமையல்கார அம்மா, பன்னிரண்டு வயதில் ஒன்றாம் வகுப்பில் உட்கார்ந்தாள். டெஸ்குக்கு அடியில் முழங்கால் நுழையவில்லை. ஏழாம் வகுப்பு வரை வந்தாள். வயிற்றில் குழந்தை வந்தது. பிள்ளை பெற்ற மாணவி பள்ளிக்குத் திரும்பலாம் என்ற கொள்கை 1994 முதல் இருக்கிறது. அதை அவள் வீட்டில் வந்து சொன்னவர் யாரும் இல்லை.

அந்தக் குழந்தை இப்போது எட்டாம் வகுப்பு. அம்மா எட்டாம் வகுப்புத் தேர்வைத் தனித்தேர்வராக 2019இல் எழுதி முடித்தார். வரும் நவம்பரில் மேல்நிலைப் பள்ளியின் இறுதித் தேர்வான கே.சி.எஸ்.இ. வீட்டில் ஜியோமெட்ரி பெட்டி ஒன்றுதான். பகலில் மகளுடையது. விளக்கு வைத்த பிறகு அம்மாவுடையது.

சமையலறைச் சுவரில், புகை படாத மூலையில், நாளிதழிலிருந்து வெட்டிய ஒரு படம். கிமானி மருகே. எல்டோரெட்டின் கப்கெண்டுய்வோ தொடக்கப் பள்ளியில் 2004இல் தம் 84ஆம் வயதில் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தவர். அரைக்கால் சட்டை, நீளக் காலுறை, சுற்றிலும் சின்னப் பிள்ளைகள். படத்தின் நாலு மூலையிலும் புதிய ஒட்டுநாடா. பழையது காய்ந்து உதிர்ந்த தடம் தெரிகிறது.

எட்டு மணி. பச்சைக் கதவு திறக்கிறது.

முதல் மேசையில் நூலகம் பார்க்கும் இளைஞர். உறைகளை வாங்குவது அவர் வேலை. பேர் கேட்பதற்கு முன்னால் நாற்காலியை இழுத்துப் போடுகிறார். மரணச் சான்றிதழைத்தான் முதலில் எடுக்கிறார். பார்க்கிறார். கவிழ்த்து வைக்கிறார். பிரதி எடுக்கிறார். அசலை உடனே பாட்டியின் கையில் திருப்பிக் கொடுக்கிறார். மற்ற தாள்கள் மேசையில் காத்திருக்கலாம். இது காத்திருப்பதில்லை.

2012இல் அவருடைய உறையில் இரண்டு சான்றிதழ்கள் இருந்தன. இதே பெஞ்ச். வலது கோடி. அன்று அவற்றை வாங்கியவர் உரக்கப் படித்தார்.

இரண்டாம் மேசை ஜன்னலோரம். கணக்காளர் அம்மாவுடையது. காவலர் முதல் இயக்குநர் வரை எல்லோருக்கும் அவர் 'மேடம்'. ரப்பர் முத்திரை, மைப்பெட்டி, கார்பன் தாள் வைத்த ரசீதுப் புத்தகம். சமையலுக்குச் சர்க்கரை வந்தது. ரசீது. பூட்டுக்கு எண்ணெய் வாங்கியது. ரசீது. பாட்டி ஒருத்தி நன்றியாக ஒரு சீப்பு வாழைப்பழம் கொண்டுவருகிறார். அதற்கும் ரசீது: 'வாழைப்பழம், ஒரு சீப்பு, பெற்றுக்கொண்டோம்.' மூன்றாம் பிரதியிலும் தெளிவாக விழும்படி அழுத்தி எழுதுகிறார். முத்திரையை வைத்து ஊதுகிறார். மை காயாமல் யார் கையிலும் தருவதில்லை.

அவருடைய அப்பா ஒரு பருவக் கட்டணத்துக்கு இரண்டு மூட்டை மக்காச்சோளமும் ஓர் ஆடும் கொண்டுபோய்ப் பள்ளியில் இறக்கினார். வாங்கியவர் நன்றி சொன்னார். தாள் எதுவும் தரவில்லை. நான்காம் ஆண்டு முடிவில் பள்ளியின் பேரேட்டில் அந்தப் பருவம் பாக்கியாக நின்றது. மகள் கே.சி.எஸ்.இ. எழுதினாள். தேறினாள். சான்றிதழ் பள்ளியின் இரும்பு அலமாரியில் தங்கிவிட்டது.

கிபுயே சந்தையில் ஒமேனா விற்றார். கொரோகோரோ தகர டப்பாவால் அளந்து, மேலே ஒரு பிடி கூட்டிப் போட்டு, நாற்பது பக்க நோட்டில் குறித்துக்கொண்டார். எழுத்துச் சுத்தம் பார்த்துச் சந்தைப் பெண்கள் தங்கள் சாமாவின் பணத்தை அவரிடம் விட்டார்கள். சாமா, வாரம் ஒருமுறை கூடும் சீட்டு. ஒரு மழை நாளில், சீட்டு எடுக்கும் முறை வந்த பெண், அந்தப் பணத்தை அப்படியே அவர் பக்கம் தள்ளினார். 'போய் உன் காகிதத்தை மீட்டுட்டு வா.'

மீட்டு வந்தபோது ஓரங்களைப் பூச்சி அரித்திருந்தது. மாலை வகுப்பில் கணக்கியல் படித்தார். அந்தச் சான்றிதழ் சுவரில் மாட்டப்படவில்லை. மேசை இழுப்பறையில், பிளாஸ்டிக் உறைக்குள், ரசீதுப் புத்தகங்களுக்கு அடியில் இருக்கிறது.

சான்றிதழை யாரும் நிறுத்தி வைக்கக் கூடாது என்று 2012இன் தேர்வுக் குழுச் சட்டம் சொல்கிறது. பெஞ்சில் இன்று ஒரு வாலிபர் உட்கார்ந்திருக்கிறார். கட்டடத் தொழிலாளி. சிமெண்ட் படிந்த பூட்ஸ். அவர் வந்திருப்பது பாக்கித் தொகை கேட்டு நிறுத்தி வைத்த சான்றிதழுக்காக. மேடம் சட்டத்தின் நகலை எடுக்கிறார். உரிய வரியின் கீழ் ஸ்கேல் வைத்துக் கோடு போடுகிறார். நகலுக்கும் முத்திரை.

பதினொரு மணிக்கு போடா போடா வாடகை பைக் வந்து நிற்கிறது. பின் இருக்கையில் ரப்பர் பட்டையால் கட்டிய மரப்பெட்டி. கிராமப் பள்ளிகளுக்குச் சுற்றும் கதைப் புத்தகங்கள். ஓட்டுநர் ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. பெட்டி மாறும் வரை இருக்கையில் அமர்ந்தபடியே ஒரு புத்தகத்தைப் பிரித்திருக்கிறார். நேற்று நிறுத்திய பக்கத்தில் பெட்ரோல் பங்க் சீட்டு.

மையத்தின் ஆண்டறிக்கையில் பணியாளர்களுக்கு அரைப் பக்கம். பெயர், பதவி, சேர்ந்த ஆண்டு.

மூன்று மணி. கூட்டம். இயக்குநர் வருகிறார். எல்லோருக்கும் 'மவாலிமு', ஆசிரியர். பள்ளி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். சட்டைப் பையில் இன்னும் ஒரு துண்டு சாக்பீஸ். அவருக்குப் பின்னால் அலமாரியில் பழைய வருகைப் பதிவேடுகள். 1990களின் பதிவேடுகளில் சில பெயர்களுக்கு எதிரே சிவப்புக் கோடு. முதலில் வெள்ளிக்கிழமைகளில் மட்டும், பிறகு வாரம் முழுக்க. வார இறுதிகளில் வீடுகளில் அடக்கம் நடந்தது. 1999 நவம்பரில் எய்ட்ஸைத் தேசியப் பேரிடர் என்று ஜனாதிபதி மோய் அறிவித்தார். அதற்கு முன்பே மவாலிமு பதிவேட்டைச் சைக்கிளில் வைத்துக்கொண்டு, கோடு விழுந்த வீடுகளுக்கு ஒவ்வொன்றாகப் போகத் தொடங்கியிருந்தார். இந்த மையம் அந்தச் சைக்கிளில் தொடங்கியது.

மேசையில் 41 உறைகள். வங்கிக் கணக்கில் 16 பேருக்கான பணம். மேடம் பட்டியலைப் படிக்கிறார். மதிப்பெண், தூரம், வீட்டில் சம்பாதிப்பவர். பதினாறாம் பெயருக்குக் கீழே ஸ்கேல் வைத்துக் கோடு போடுகிறார்.

கோட்டுக்குக் கீழே முதல் பெயர் ஒரு சிறுமியுடையது. மதிப்பெண்ணில் குறையில்லை. வீட்டில் மாமா ஒருவர் சம்பாதிப்பதாகத் தாளில் இருக்கிறது.

சமையல்கார அம்மாவும் குழுவில் உறுப்பினர். கையைத் துணியில் துடைக்கிறார்.

'மத்தியானம் பாதிதான் சாப்பிடுறா, மவாலிமு. மீதியை டப்பாவுல போட்டு வீட்டுக்கு எடுத்துட்டுப் போறா. மாமா சம்பாதிக்கிற வீட்டுல அப்படிச் செய்ய மாட்டாங்க.'

மவாலிமு கண்ணாடியைக் கழற்றுகிறார். நூலக இளைஞர் உறையை மறுபடி திறக்கிறார். மாமாவின் பெயர். மரணச் சான்றிதழில் உள்ள பெயர். இரண்டும் ஒன்று. சம்பாதிப்பதாக எழுதியது சென்ற ஆண்டின் தாள்.

ஆண்டுக் கட்டணத்தில் பாதியை முதல் பருவத்திலேயே கட்ட வேண்டும். 26,777 ஷில்லிங். காவலர் வாசலில் இருந்தபடியே கேட்டுக்கொண்டிருக்கிறார். உள்ளே வந்து இருநூறு ஷில்லிங் தாளை மேசையில் வைக்கிறார். மேடத்தின் கைப்பேசி மணியடிக்கிறது. எம்-பெசாவில் பணம். மேசைக்கு அந்தப் பக்கம் அமர்ந்திருக்கும் இளைஞர் அனுப்பியது. மறுபடி மணி. மவாலிமு. மறுபடி. போடா போடா ஓட்டுநர், எங்கோ சாலையில் இருந்து. மேடம் தம் பங்கைப் பர்ஸிலிருந்து எண்ணி எடுக்கிறார். கூட்டிப் பார்க்கிறார். பாதிகூட வரவில்லை.

ஒவ்வொருவருக்கும் ரசீது எழுதுகிறார். காவலர் தம்முடையதை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை படிக்கிறார்.

மீதிக்குத் தொகுதி நிதியின் உதவித்தொகை விண்ணப்பம். அதில் வட்டார அதிகாரியான சீஃபின் முத்திரை வேண்டும். நாளைக் காலை இளைஞர் போகிறார். பள்ளியின் கணக்கு அலுவலருக்கு மேடம் இப்போதே போன் செய்கிறார். கையில் இருக்கும் தொகை, மீதிக்கு மையத்தின் உறுதிக் கடிதம், பிள்ளையை வகுப்பில் உட்கார வைப்பீர்களா? மறுமுனை யோசிக்கிறது. அவர் விடவில்லை. மூன்றாம் முறை கேட்கும்போது குரல் உயரவும் இல்லை. ஒப்புக்கொள்கிறார்கள்.

சிறுமியின் பாட்டியை உள்ளே கூப்பிடுகிறார்கள். 'உட்காருங்க, டானி' என்று இளைஞர் நாற்காலியை இழுத்துப் போடுகிறார். பள்ளி அனுப்பிய பட்டியலைச் சத்தமாகப் படிக்கிறார். தகரப் பெட்டி. மெத்தை. இரண்டு போர்வை. வாளி. புல் வெட்டும் கத்தி. அகராதி. பாட்டி ஒவ்வொன்றுக்கும் ஒரு விரல் மடக்குகிறார். பெட்டிக்கும் மெத்தைக்கும் கிபுயே சந்தையில் ஆள் இருக்கிறது, சாமா விலைக்குத் தருவார்கள் என்கிறார் மேடம். போர்வை ஒன்று சமையல்கார அம்மாவிடம் இருக்கிறது.

திங்கட்கிழமை சிறுமியோடு மட்டாட்டு வேனில் போக வேண்டியது இளைஞர். மேடம் வங்கிச் சீட்டையும் உறுதிக் கடிதத்தையும் ஒரே ஊசியில் குத்துகிறார். அவர் கையில் கொடுக்கும்போது விடாமல் பிடித்துக்கொள்கிறார்.

'சீட்டைக் குடுத்துட்டு வந்துடாதீங்க. ரசீது எழுதச் சொல்லுங்க. அவ பேர்லயே எழுதணும், அவ கையிலேயே குடுக்கணும். அதுக்கப்புறம் பெட்டியை உள்ள தூக்குங்க.'