நான் நீக்கிய புள்ளி

ஒரு சுருள் கேலக்ஸியைப் பற்றிய வரைபடத்திலிருந்து ஒரு புள்ளியைத் தெரிந்தே நீக்கினேன். அந்தப் படத்தை வைத்து ஆய்வுக் கட்டுரையும் வெளியிட்டேன். என் பெயரில் வந்த கட்டுரை, என் கையால் செய்த தவறு.

கேலக்ஸியின் சுருள் கரங்களில் விண்மீன்கள் பிறக்கும் வாயு மேகங்களை ஆராய்வது என் வேலை. அங்கே புதிதாகப் பிறந்த பெரிய விண்மீன்களின் புறஊதா ஒளி பட்டு, ஹைட்ரஜன் ஏறத்தாழ 10,000 டிகிரியில் ஒளிரும். அந்த ஒளியை நிறமாலையாகப் பிரித்தால் ஒவ்வொரு தனிமமும் தன் கோட்டைக் காட்டிவிடும். 6563 ஆங்ஸ்ட்ராமில் ஹைட்ரஜனின் சிவப்புக் கோடு. அதன் இருபுறமும் 6548, 6584இல் நைட்ரஜன். பச்சையில் 5007இல் ஆக்சிஜன். இவற்றின் விகிதங்களைக் கொண்டு மேகத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று மதிப்பிடலாம். சுருள் கேலக்ஸிகளில் மையத்திலிருந்து விளிம்பை நோக்கிப் போகப் போக அது குறைகிறது என்பதற்கு லெனார்ட் சியர்ல் 1971இலேயே சான்று காட்டினார்.

லடாக்கின் ஹான்லேயில், சுமார் 4,500 மீட்டர் உயரத்தில் நிற்கும் இமாலய சந்திரா தொலைநோக்கியைப் பெங்களூருக்கு அருகிலுள்ள ஹொசகோட்டேயில் உட்கார்ந்தபடி செயற்கைக்கோள் வழியாக இயக்கலாம். பிரேசர் டவுனில் குடியிருக்கும் எனக்குப் பழைய மெட்ராஸ் ரோட்டைப் பிடித்தால் போதும். இரவில் அங்கே பதிவு செய்ததைப் பிறகு வீட்டில் வைத்து அளப்பேன்.

வரைபடத்தில் மேகங்களின் புள்ளிகள் ஒரே சரிவில் அழகாக அமைந்தன, ஒன்றைத் தவிர. மையத்துக்கும் விளிம்புக்கும் நடுவே இருந்த அந்த மேகத்தில் 6584 கோடு தலைதூக்கவே இல்லை. 5007 மட்டும் ஓங்கி நின்றது. ஆக்சிஜனின் கோடு ஓங்கியிருந்தாலும், இந்த விகிதத்துக்கு ஆக்சிஜன் குறைவு என்றது கணக்கு. ‘வானத்தின் பின்னணி ஒளி சரியாகக் கழியவில்லை’ என்று குறிப்பெழுதி அதை நீக்கினேன். நம் வளிமண்டலத்தின் ஹைட்ராக்சில் கோடுகள் அந்தப் பக்கத்தில் விழுவது உண்மை என்பதால் யாரும் சந்தேகப்படவில்லை. ஆனால் பின்னணி ஒளி சரியாகக் கழியாத அதே குறை வேறு இரண்டு மேகங்களிலும் இருந்தது. அவை சரிவின் மேலேயே உட்கார்ந்திருந்ததால் விட்டுவைத்தேன். மறுநாள் இரவு எடுத்த நிறமாலையும் முதல் நிறமாலை சொன்னதையே சொன்னது. அதைப் பார்த்துவிட்டுத்தான் மூடி வைத்தேன்.

காரணம் பயம். மதிப்பீட்டாளர் கேள்வி கேட்பார், பதில் சொல்ல மாதக்கணக்கில் உழைக்க வேண்டும், கட்டுரை தள்ளிப்போகும் என்ற பயம். கேலக்ஸிக்கு வெளியிலிருந்து புது வாயு வந்து கலந்திருந்தால் ஆக்சிஜன் இப்படித்தான் குறைந்து தெரியும். விண்மீன்களின் கடும் வெப்பம் கோடுகளின் விகிதத்தை மாற்றி என் கணக்கை ஏமாற்றியிருக்கவும் கூடும். எதுவானாலும் ஆராய வேண்டிய கேள்வி அது ஒன்றுதான். அதைத்தான் நான் அழித்தேன்.

என் சரிவை நம்பி ஜூனியர் ஒருவர் தன் மாதிரியைக் கட்டினார். அவருடைய உழைப்பும் கோணலானது. அவரிடம் நேரில் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். இதழுக்குத் திருத்தம் எழுதி, எல்லாப் புள்ளிகளும் உள்ள அட்டவணையை அனுப்பிவிட்டேன். எதை எந்தக் காரணத்துக்காக நீக்கலாம் என்பதை இப்போதெல்லாம் அளக்கத் தொடங்கும் முன்பே எழுதி வைக்கிறேன்.

அந்த மேகத்தை மீண்டும் நோக்க நேரம் கேட்டு விண்ணப்பித்திருக்கிறேன். புள்ளி எங்கே விழுந்தாலும் அங்கேயே குறிப்பேன்.