நான் எழுதிய கடற்புல் கட்டுரை

(இளம் அறிவியல் விலங்கியல், இரண்டாம் ஆண்டு)

துறைக் கருத்தரங்கில் இரண்டாமாண்டு மாணவர்களும் கட்டுரை படிக்கலாம் என்று அறிவிப்புப் பலகையில் கண்டதும் பெயர் கொடுத்துவிட்டேன். தலைப்பு, ‘பாக் விரிகுடாவின் கடற்புற்களும் கடற்பசுவும்’. மீமிசலில் பிறந்தவளுக்கு வேறெந்தத் தலைப்பு பொருந்தும்?

ஐந்து வாரங்கள் சனி, ஞாயிறுகளில் கரையோரம் நடந்தேன். அலை ஒதுக்கிய புற்களைப் பொறுக்கி, நல்ல தண்ணீரில் அலசி, பழைய செய்தித்தாள்களுக்கு இடையே வைத்து, அம்மிக் குழவியைப் பாரமாக ஏற்றினேன். “ஆட்டுக்குக்கூட ஆகாத பாசியை ஏன்டி வீட்டுக்குள்ள கொண்டாந்து வைக்கிறே?” என்றார் அம்மா. இது பாசியன்று, வேரும் தண்டும் இலையும் உடைய தாவரம், நீருக்கடியிலேயே பூக்கும் என்றேன். பூக்கும் என்றதும்தான் திரும்பிப் பார்த்தார்! முட்டை வடிவ இலையுள்ள ஹாலோபிலா ஓவாலிஸ், இலை நுனியில் ரம்பப் பல்லுள்ள சைமோடோசியா செருலேட்டா, ஊசிபோல் உருண்ட சிரிங்கோடியம் ஆகிய மூன்றை அடையாளம் கண்டேன். பேருந்தில் ஜன்னலோரம் அமர்ந்து இப்பெயர்களை முணுமுணுத்தே நாக்கைப் பழக்கினேன்.

இப்புல்லை மேய்வதுதான் நம் பக்கத்தார் ஆவுளியா என்றழைக்கும் கடற்பசு. நாளொன்றுக்கு 30 முதல் 40 கிலோ வரை தின்னும். மூன்று முதல் ஏழாண்டுக்கு ஒருமுறை ஒரே கன்றுதான் ஈனும். இதன் உறவான ஸ்டெல்லர் கடற்பசு 1741-இல் கண்டறியப்பட்டு, 1768-க்குள் வேட்டையால் அற்றுப்போனது. நம் கடலில் அவ்வாறு நேராதிருக்கவே 2022 செப்டம்பரில் தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டக் கடற்பகுதியில் 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுப் பாதுகாப்பகமாகத் தமிழக அரசு அறிவித்தது.

நான்காம் பக்கம்தான் என்னை உறங்கவிடவில்லை. கடலடியை உரசிச் செல்லும் இழுவைமடி புல்லை வேரோடு பறித்துவிடும் என்று அதில் எழுதியிருந்தேன். என் கல்லூரிக் கட்டணத்தைக் கட்டுபவரோ, கோட்டைப்பட்டினத்து விசைப்படகில் பங்குக்குக் கடலுக்குப் போகும் தாய்மாமன். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறியவள் நான் ஒருத்தியே. அவர் காசில் படித்து, அவர் தொழிலைப் பழித்து எழுதுவதா? அந்த வரியை எடுத்துவிடு என்றனர் தோழியர். எடுத்தால் மிஞ்சுவது இலைப் படங்கள்தாம். முதல்நாள் இரவு மாமாவிடமே படித்துக் காட்டினேன்.

வெகுநேரம் பேசாதிருந்தார். பிறகு, “மடியில புல்லு வரத்தானே செய்யுது. அள்ளிக் கடல்ல கொட்டுறது நாங்கதானே? இருக்கறதைத்தான் எழுதியிருக்கே. ஆனா ஆத்தா, படகு போகலேன்னா எங்களுக்குச் சோறு ஏதுன்னு அதையும் சேர்த்து எழுது” என்றார். சேர்த்தேன்.

கருத்தரங்கில் பன்னிரண்டு நிமிடம் பேசினேன். பாதுகாப்பகம் வந்தால் மீனவர் எங்கே போவர் என்று ஓர் அண்ணன் எழுந்து கேட்டார். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி இத்தகைய பாதுகாப்பகத்தின் நிர்வாகக் குழுவில் ஊராட்சிகளின் பிரதிநிதிகளுக்கும் இடமுண்டு என்றேன். அந்த நாற்காலியில் மடி இழுப்பவர் ஒருவரும் அமரவேண்டும் என்பது என் கருத்து, அதையும் சொன்னேன். பின்வரிசையில் யாரோ கை தட்டினார்கள்.

மாமாவுக்கு ஒரு படி கொடுத்தேன். அவர் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். நான்காம் பக்கத்தை மட்டும் தனியே பிரித்து, நெகிழிப் பையில் சுற்றிப் படகுக்கு எடுத்துப் போயிருக்கிறார்.