போளை அளவு ஈய உருண்டை

போன தவணையின் கடைசிக் கிழமை நடந்தது இது. எழுதுவதா வேண்டாமா என்று நாங்கள் இருவரும் ஸ்டாப் றூமில் பல நாள் பேசினோம். பிள்ளையின் பெயர், தோட்டத்தின் பெயர் இரண்டையும் விட்டுவிட்டு எழுதலாம் என்று முடிவானது.

தரம் 10இல் விஞ்ஞான பாடம். சுழற்சியைப் பற்றிப் பேசும்போது முரளியின் பந்தை உதாரணம் காட்டினோம். மலையகத்துப் பிள்ளைகளுக்கு அதைவிட நல்ல உதாரணம் கிடையாது. மணியடித்த பிறகு ஒரு மாணவன் மேசைக்கு வந்து, காற்சட்டைப் பையிலிருந்து போளை அளவில் சாம்பல் நிற உருண்டை ஒன்றை எடுத்து வைத்தான்.

"சேர், இது ஏன் நேராப் போகாது?"

ஈயம். நடுவில் பொருத்துக் கோடு, ஒரு பக்கம் சிறு குழி. எங்கிருந்து வந்தது என்று கேட்டோம். பெரியப்பா வார்க்கிறார் என்றான். அப்போதே விளங்கியிருக்க வேண்டும். ஆனால் கேள்வி நல்ல கேள்வியாக இருந்தது, நாங்களும் ஆசிரியர்கள். மறுநாள் ஆய்வுகூடத்தில் உருண்டையை நூலில் கட்டி நிறுத்தோம். காற்றில் 22.1 கிராம், நீரில் 20.0. அப்படியென்றால் கனவளவு 2.1 கன சென்ரிமீற்றர், அடர்த்தி சுமார் 10.5. சுத்த ஈயத்துக்கு 11.3 வரவேண்டும். வாளால் அறுத்துப் பார்த்தோம். உள்ளே கடலைப் பருப்பளவு பொந்து.

அச்சு போதிய சூடில்லாமல் இருந்தால் ஈயம் முழுதாக ஓடி நிரம்புமுன் உறைந்துவிடும், மேலே சுருக்கம் விழும், உள்ளே காற்று அடைபடும். பாரம் ஒரு பக்கம் சாய்ந்த உருண்டை பறக்கும்போது தள்ளாடும். குழாயைவிட உருண்டை சிறிதானால் வெடித்த வாயு பக்கத்தால் கசியும், உருண்டை இரு சுவரிலும் முட்டி, கடைசியாக எந்தப் பக்கம் முட்டியதோ அதற்கேற்பச் சுழன்று வெளியே வரும். வழவழப்பான குழாயில் சுட்ட உருண்டை ஏன் வளைகிறது என்பதற்கு பெஞ்சமின் ரொபின்ஸ் என்ற ஆங்கிலேயர் 1740களிலேயே இந்தச் சுழற்சியைத்தான் காரணம் காட்டினார். முரளியின் பந்து காற்றில் வளைவதும் அதே கணக்குத்தான். குழாய்க்குள் சுருள் பள்ளம் வெட்டி, சுழற்சியை நாமே ஒழுங்காகக் கொடுத்தால் குறி சரியாகும். ஆனால் மெதுவான ஈயம் அந்தப் பள்ளத்தில் தேய்ந்து ஒட்டிக்கொள்ளும், பத்துச் சூட்டில் குறி மறுபடி கெடும். அதற்குத்தான் கொழுப்புப் பூசுவது. 1857இல் இந்தியச் சிப்பாய்கள் மாட்டுக் கொழுப்பு, பன்றிக் கொழுப்பு என்று கொதித்தெழுந்த தோட்டாவின் பின்னணியும் இதுவே. (வரலாற்றுப் பாடத்தில் மதத்தைப் பற்றி மட்டும் படித்தோம். கொழுப்பு எதற்கு என்று ஒருவரும் சொல்லித் தரவில்லை.)

ஈயத்தைக் கடினமாக்குவது அடுத்த வழி. ஹோர்ட்டன் சமவெளியில் பேக்கர் நீர்வீழ்ச்சி பார்த்திருப்பீர்கள். அந்த சாமுவேல் பேக்கர் 1848 முதல் சில வருடங்கள் நுவரெலியாவில் குடியிருந்து யானை வேட்டையாடியவர். பின்னாளில் அபிசீனியப் பயணத்தைப் பற்றி எழுதிய நூலில், ஒன்பது பங்கு ஈயத்துக்கு ஒரு பங்கு பாதரசம் கலந்து குண்டு வார்த்ததைச் சொல்கிறார். பாதரசத்தைப் பெரிய பானையில் போட்டால் ஆவியாகிப் போய்விடும், கரண்டி கரண்டியாகத்தான் சேர்க்க வேண்டும் என்கிறார். வீணாகும் என்பதுதான் அவருடைய கவலை. அந்த ஆவி யாருடைய மூக்குக்குள் போனது என்ற பேச்சே இல்லை.

இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதுதான் எங்களில் ஒருவருக்கு உறைத்தது. அறுத்த ஈயத்தூள் எங்கள் மேசையில், எங்கள் விரல்களில். எல்லோரையும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவ அனுப்பிவிட்டு, மேசையை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டே அவனிடம் கேட்டோம்.

"ஈயம் எங்கேருந்து எடுக்கிறார்?"

"பழைய லொறி பெற்றரி சேர். உடைச்சு எடுப்பார்."

"எங்கே உருக்குறார்?"

"அடுப்படியில."

ஞாயிற்றுக்கிழமை போனோம். தேயிலைக்கு நடுவே ஒற்றையடிப் பாதை, பழைய லயம், தகரக் கூரை. ஒரே அடுப்படி, அதில்தான் சோறும் கறியும். பெரியப்பா எங்களைக் கண்டதும் எழுந்து நின்றார். பிளேன்ரீ வந்தது. நாங்கள் துவக்கைப் பற்றி வாயே திறக்கவில்லை, அவரே ஆரம்பித்தார்.

"பன்னி வந்து ஒரே ராத்திரில கெழங்கு பூராவும் கிண்டிப் போட்டுருச்சு மாஸ்டர். கடன் வாங்கி நட்டது. துவக்கு என்னது இல்ல. ஒருத்தருக்கு ஊத்திக் குடுக்கிறேன், அவ்வளவுதான்."

நம்பினோமா என்று கேட்காதீர்கள். கட்டுத்துவக்கு வெடித்துக் கை போனவர்களை இந்தப் பக்கம் எல்லோருக்கும் தெரியும். அனுமதியில்லாத துவக்கென்றால் பொலிஸ், கோடு, மறியல். மறுபக்கம் பன்றிக்குக் கட்டும் கம்பித் தடத்தில் சிறுத்தை மாட்டுகிறது. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கம் கருஞ்சிறுத்தை ஒன்று அப்படி மாட்டிச் செத்தது. கிழங்குக்கு நட்டஈடு கொடுக்க ஆளில்லாத இடத்தில் "சட்டம்" என்று சொல்லிவிட்டு எழுந்து வர எங்களுக்கு வாய் வரவில்லை. பொலிஸுக்கும் போகவில்லை. அது சரியா பிழையா என்று எங்களுக்குள்ளேயே இன்னும் வாக்குவாதம்.

ஆனால் அடுப்படியைப் பற்றிப் பேசினோம். ஈயம் 327 பாகையில் உருகும், விறகு அடுப்பே போதும். மேலே மிதக்கும் கசடை அவர் கரண்டியால் வழித்து வாசலில் போட்டிருந்தார். காய்ந்து சாம்பலாகக் கிடந்தது. பெற்றரித் தகட்டின் பசை அதைவிட மோசம், அந்தத் தூள் சாப்பாட்டோடும் விரலோடும் உள்ளே போகும். பெரியவர்களைவிடச் சிறுபிள்ளைகளின் உடம்பு நாலைந்து மடங்கு ஈயத்தை உறிஞ்சும். இவ்வளவுக்குள் என்றால் பரவாயில்லை என்று சொல்லக்கூடிய அளவே கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். இதையெல்லாம் தலையாட்டிக் கேட்டார், ஆனால் முகத்தில் மாற்றமில்லை. கூரையில் ஒழுகும் இடத்தைக் காட்டி, "உருகின ஈயத்துல ஒரு சொட்டு மழைத்தண்ணி விழுந்தா என்ன நடக்கும் தெரியுமா அண்ணே?" என்று கேட்டபோதுதான் நிமிர்ந்தார். சட்டைக் கையைச் சுருட்டி முழங்கைத் தழும்பைக் காட்டினார். ஏற்கெனவே தெரிந்திருக்கிறது.

வாசலில் அவனுடைய தங்கச்சி, தரம் 3, அந்தச் சாம்பல் கிடந்த இடத்தில்தான் சிரட்டையில் சோறாக்கி விளையாடிக்கொண்டிருந்தாள். வயிற்று வலி என்று அடிக்கடி பாடசாலைக்கு வருவதில்லை என்றாள் தாய். வயிற்று வலிக்கு நூறு காரணம் இருக்கலாம். நாங்கள் டொக்டர் இல்லை. ஆனால் பெற்றரி விசயத்தை மறைக்காமல் டொக்டரிடம் சொல்லுங்கள் என்று சொன்னோம். தாய் பெரியப்பாவைப் பார்த்தார். அவர் தரையைப் பார்த்தார்.

அடுத்த செவ்வாய் நாங்களும் கூடவே போனோம். பெரியப்பாவும் வந்தார், பெற்றரியைப் பற்றி அவரே வாயால் சொன்னார். இரத்தம் எடுத்தார்கள், கொழும்புக்கு அனுப்ப வேண்டுமாம். வாசல் மண்ணை ஈரமாக்கி வழித்தெடுத்து, ரின்னில் அடைத்து, தண்ணீர்க் கானுக்கும் தோட்டத்துக்கும் தூரமாக வைத்திருக்கிறார்கள். அதை எங்கே ஒப்படைப்பது என்று இரண்டு அலுவலகங்களில் கேட்டோம், இரண்டும் மற்றதைக் காட்டின. தெரிந்தவர்கள் இன்பொக்ஸில் சொல்லுங்கள்.

அறுத்த உருண்டை மூடிய போத்தலுக்குள் எங்கள் ஆய்வுகூட அலுமாரியில் இருக்கிறது. இரத்தப் பரிசோதனை முடிவு இன்னும் வரவில்லை.