கபரகொய்யாவை வீட்டில் வளர்க்கலாமா?

கொஞ்ச நாளாக எங்கட பொடியன்களின் ஃபோன்களில் ஒரே மாதிரியான வீடியோக்கள் ஓடுது. எங்கேயோ வெளிநாட்டில் ஒருத்தர் சோஃபாவில் சாய்ந்திருக்கிறார். அவர் மடியில் ஆறடி கபரகொய்யா ஒன்று பூனை மாதிரிப் படுத்திருக்கு. பார்த்தவுடனே நம்மாட்கள் கேட்கிறார்கள்: "மச்சான், நம்ம வாடிக்குப் பின்னாலேயே நாலஞ்சு திரியுதே, ஒண்டப் புடிச்சு வளர்ப்பமா?"

கற்பிட்டிக்கும் சிலாபத்துக்கும் இடையில் களப்பையும் கண்டலையும் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். கேள்வியைப் பகிடியென்று தள்ளிவிட எங்களுக்கு மனமில்லை. அதனால் உட்கார்ந்து யோசித்தோம்.

முதலில், இலங்கையில் இருப்பது இரண்டு வகை. ஒன்று உடும்பு, சிங்களத்தில் தலகொய்யா. தரையில் திரியும், மரம் ஏறும், ஆளைக் கண்டால் ஓடி ஒளியும். மற்றது தண்ணீரை விடாத கபரகொய்யா. கறுப்பு உடம்பில் மஞ்சள் புள்ளி, நீலம் பாய்ந்த பிளவு நாக்கு. பொதுவாக ஐந்தாறு அடி வளரும். கண்டியில் 3.21 மீட்டர் நீளமான ஒன்று பதிவாகியிருக்கு.

இரண்டின் குணமும் ஏன் இவ்வளவு வித்தியாசம்? 1660இல் கண்டி அரசனிடம் பிடிபட்டு, 1679இல் எங்களுக்கு வடக்கே இருக்கும் அரிப்புக்குத் தப்பி வந்த ரொபர்ட் நொக்ஸ், 1681இல் வெளியிட்ட தன் நூலில் இரண்டையும் பற்றி எழுதியிருக்கிறார். கபரகொய்யா மனுசருக்குப் பயப்படாது, வழியில் கிடந்து சீறும், கிட்ட வரும் நாய்களை வாலால் விளாசும், அதை யாரும் சாப்பிடுவதில்லை என்கிறார். தலகொய்யாவின் இறைச்சியோ அருமை என்று பேர் வாங்கியதாம். எங்களுக்குப் படுவது இதுதான்: நாம் தின்னும் பிராணி எங்களைக் கண்டு ஒளியுது, நாம் தின்னாதது எங்கட வாடிக்கே வந்து மீன் கழிவு தின்னுது. அதன் குணத்தில் ஒரு பங்கு நாம் நடந்துகொண்ட விதம்.

அப்படியென்றால் வளர்த்தால் இன்னும் பழகாதா? பழகும். அதில் பொய்யில்லை. இந்த இனம் மந்த புத்திக்காரரும் இல்லை. 2008இல் வெளியான ஒரு ஆய்வில், ஆப்பிரிக்க உடும்புக் குட்டிகள் எட்டுக்கு, கதவு வைத்த குழாய்க்குள் இரை வைத்துக் கொடுத்தார்கள். எட்டும் பத்து நிமிசத்துக்குள் திறந்துவிட்டன, இரண்டாம் முறை இன்னும் கெதியாக. ஆனால் பழகுவது வேறு, பாசம் வேறு. நாய் பல்லாயிரம் வருசமாக மனுசரோடு வாழ்ந்து மாறிய பிராணி. கூட்டில் பிறந்த கபரகொய்யாகூட காட்டுப் பிராணிதான். இந்தக் கை ஆபத்தில்லை, இந்தக் கை சாப்பாடு தரும் என்று அது படிக்குது. சிக்கலும் அங்கேதான். அது நாக்கால் வாசம் பிடித்து இரை தேடும். மீன் வாசமடிக்கும் கை எது, மீன் எது என்று பிரித்துப் பார்த்துக்கொண்டிருக்காது. எங்கட கரையில் யார் கையில் மீன் வாசம் இல்லை?

அமைதியாக இருப்பதெல்லாம் சாதுவும் இல்லை. எங்களுக்குத் தெரிந்த ஒரு பொடியன், இறால் பண்ணை வரம்பில் அகப்பட்ட குட்டி ஒன்றைக் கண்ணாடித் தொட்டியில் போட்டு வைத்தான். முதல் வாரம் சீறியது, தொண்டையை ஊதியது, மூக்கு புண்ணாகும் வரை கண்ணாடியில் முட்டியது. பிறகு அடங்கிவிட்டது. விடச் சொன்னோம். "இல்லடா, இப்ப பழகிட்டான்" என்றான். எலும்பில்லாத கோழித் துண்டுதான் சாப்பாடு, வெயில் இல்லை. கொஞ்ச நாளில் பின்னங்கால் இழுபட்டது. ஒரு காலையில் அசைவில்லை. அவன் பழக்கம் என்று நினைத்தது எலும்பு மெலிந்த நோய்.

சரியாக வளர்க்க என்ன வேண்டும்? நீந்தத் தண்ணீர், தோண்ட மண், 50 பாகைக்கு மேல் சுடும் வெயில் இடம், எலும்போடு முழு இரை. இதுவும் பத்துப் பதினைந்து வருசத்துக்கு. ஓடித் திரிய இடமில்லாமல் தின்னக் கொடுத்தால் கொழுப்பு வைக்கும், மூட்டில் யூரிக் அமிலம் சேரும். சலித்துப்போய்த் திறந்து விட்டவர்களின் கதைக்கு அமெரிக்காவைப் பாருங்கள். செல்லப்பிராணியாகப் போன நைல் உடும்புகள் புளோரிடாவின் கேப் கோரல் நகரக் கால்வாய்களில் பெருகின. 2021இல் அந்த மாநிலம் அவற்றைத் தடைப் பட்டியலில் சேர்த்தது.

இங்கே சட்டமும் தெளிவு. 1937ஆம் ஆண்டின் விலங்கினங்கள், தாவரவினங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் இரண்டுமே பாதுகாக்கப்பட்டவை. பிடிப்பதும் கொல்வதும் குற்றம். காயப்பட்டதைக் கண்டால் வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்துக்குச் சொல்வதுதான் வழி.

"உடும்பு வேண்டாம், கையை விட்டால் போதும்" என்று ஒரு பழமொழி இருக்கு. பிடித்தவன் புலம்புவதாகத்தான் அதைச் சொல்வோம். தொட்டிக்குள் கிடந்த அந்தக் குட்டிக்கும் அதே புலம்பல் இருந்திருக்கும்.

ஆசைப்படுவதில் பிழையில்லை. ஒரு பின்னேரம் வாடிப் பக்கம் போங்க, இல்லாவிட்டால் ஆனைவிழுந்தான் குளக்கட்டுக்கு. பத்தடி தள்ளி, சத்தமில்லாமல் இருங்க. அது நாக்கை நீட்டி நீட்டிக் காற்றைப் படிக்கும், நண்டு தேடும், செத்த மீனைக் கூட்டித் துப்புரவாக்கும், உங்களை ஒரு தரம் பார்த்துவிட்டுத் தன் பாட்டுக்குப் போகும். வீடியோ எடுக்கணுமென்றால் அதை எடுங்க. மீன் வாசக் கையை மட்டும் நீட்டாதீங்க.