ஜன்னலைத் திறந்தால் கடல்... பாம்பன் தீவில் வீடு வாங்கலாமா?

ராமேஸ்வரம் ரயில் மண்டபத்தைத் தாண்டியதும் பெட்டிக்குள் ஒரு பரபரப்பு தொற்றிக்கொள்ளும். தூங்கும் குழந்தைகளைத் தட்டி எழுப்புவார்கள். ஜன்னல் கம்பிகளுக்கு இடையே செல்போன்கள் நீளும். இரண்டு பக்கமும் கடல். பாம்பன் பாலத்தின் மேல் ரயில் போகும் அந்தச் சில நிமிடங்களில் பெட்டிக்கு ஒருவராவது சொல்லிவிடுவார்:

"ரிட்டயர்டு ஆனதும் இங்க ஒரு சின்ன வீடு வாங்கிப் போட்டுடணும்பா!"

அக்னி தீர்த்தத்தில் முங்கி, கோயிலுக்குள் 22 தீர்த்தங்களும் ஆடி, ஊருக்குத் திரும்பும்போது பலருக்கு இந்த ஆசை மறந்துவிடும். சிலருக்கு மறக்காது. அடுத்த மாதமே புரோக்கரின் பின்னால் மனை பார்க்கப் போவார்கள். "சார், ஜன்னலத் தொறந்தா கடல்தான்" என்ற ஒரு வரியில் மனம் விழுந்துவிடும். அட்வான்ஸ் கொடுக்கும் முன் அந்த ஊரோடு கொஞ்சம் பேசிப் பார்ப்பது நல்லது.

ஊர்க்காரர் வீடு எங்கே இருக்கிறது?

முதலில் பார்க்க வேண்டியது, காலங்காலமாகக் கடலோடு வாழ்பவர்கள் வீட்டை எங்கே கட்டியிருக்கிறார்கள் என்பதை. பாம்பன், தங்கச்சிமடம், ஓலைக்குடா என்று தீவின் கடலோரக் குடியிருப்புகளில் நடந்தால், கரையில் வள்ளமும் வலையும் கருவாடும் இருக்கும். வீடுகள் பெரும்பாலும் மணல் மேட்டுக்கும் பனை, தென்னைகளுக்கும் பின்னால் தள்ளி இருக்கும். நாள் முழுக்கக் கடலைப் பார்ப்பவர்களுக்கு ஜன்னலில் அது தெரிய வேண்டிய அவசியமில்லை. ராத்திரி தூங்கும்போது அது தூரத்தில் இருந்தால் போதும்.

அந்த எச்சரிக்கைக்கு தனுஷ்கோடி என்று ஒரு பெயர் உண்டு.

இன்று வேனில் போய் செல்ஃபி எடுத்துத் திரும்பும் தனுஷ்கோடி, ஒரு காலத்தில் வீடு வாங்கவும் விற்கவும் ஆட்கள் இருந்த உயிருள்ள ஊர். ரயில் நிலையம், தபால் அலுவலகம், சுங்க அலுவலகம், பள்ளி, தேவாலயம், கடைவீதி எல்லாம் இருந்தன. சென்னையிலிருந்து போட் மெயிலில் வந்தவர்கள் இங்கே இறங்கிக் கப்பலேறி தலைமன்னாருக்குப் போனார்கள். 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் ஊரோடு ஒரு ரயிலும் போனது. மக்கள் வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்தது. சுவர் மட்டும் நிற்கும் தேவாலயத்தையும் ரயில் நிலையத்தையும் இப்போதும் பார்க்கலாம்.

அந்த ஊரில் வீட்டுக்குப் பத்திரம் வைத்திருந்தவர்களின் பத்திரத்தில் எந்தக் குறையும் இருந்திருக்காது. அதில் எழுதாத ஒன்றுதான் வந்து எடுத்துக்கொண்டது.

இரண்டு கடல், இரண்டு காற்று

தீவுக்கு வடக்கே பாக் நீரிணை. தெற்கே மன்னார் வளைகுடா. அமைதியான வடகடலைப் பெண் கடல் என்றும், சீறும் தென்கடலை ஆண் கடல் என்றும் இங்கே சொல்வார்கள். ஆனால் காற்று மாறினால் குணமும் மாறும். தென்மேற்குப் பருவத்தில் கச்சான் காற்று வீசும்போது தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் குளம்போல் கிடக்கும். ஐப்பசிக்கு மேல் வாடை எடுத்துவிட்டால் வடகடல் எழும்பும்.

வெளியூர்க்காரர்கள் வீடு பார்க்க வருவது பெரும்பாலும் மாசி, பங்குனியில். இரண்டு காற்றும் ஓய்ந்திருக்கும் இதமான காலம் அது. அப்போது தீவில் எந்த மனையைப் பார்த்தாலும் சொர்க்கமாகத்தான் தெரியும். அதே மனையை ஆடியில் ஒரு முறையும் கார்த்திகையில் ஒரு முறையும் போய்ப் பாருங்கள். ஜன்னலைத் திறக்க முடிகிறதா, சோற்றில் மணல் விழுகிறதா, தெருவில் தண்ணீர் எத்தனை நாள் நிற்கிறது என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும்.

நாட்காட்டியில் இன்னும் இரண்டு நாட்கள் உண்டு: ஆடி அமாவாசை, தை அமாவாசை. முன்னோருக்குத் தர்ப்பணம் கொடுக்க ஊர் கொள்ளாத கூட்டம் வரும் நாட்கள் அவை. கோயிலுக்குப் பக்கத்தில் வீடு தேடுபவர்கள் அந்த நாட்களில் ஒரு முறை அந்தத் தெருவுக்குள் நுழைந்து வெளியே வந்து பார்த்துவிட வேண்டும்.

கிணற்றைக் கேளுங்கள்

ராமநாதபுரம் சீமையில் வீட்டின் மதிப்பைச் சொல்வது தண்ணீர்தான். தீவின் மணலுக்கு அடியில் நல்ல தண்ணீர் கிடைப்பது ஓர் அதிசயம். தனுஷ்கோடிப் பக்கம் கடலுக்கு நாலு எட்டு தள்ளி மணலைக் கையால் தோண்டி ஊற்று நீர் எடுப்பதைப் பார்க்கலாம்.

இதன் கணக்கு எளிமையானது. மழைநீர் உப்புநீரைவிட எடை குறைந்தது. அதனால் மணலுக்குள் இறங்கும் மழைநீர், கடல்நீரின் மேல் மெல்லிய வில்லைபோல மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் நல்ல தண்ணீர் 1 அடி நின்றால், கீழே ஏறக்குறைய 40 அடிவரை அது உப்பைத் தள்ளிப் பிடித்துக்கொண்டிருக்கும். மேலே 1 அடி இறங்கினால் கீழே உப்பு 40 அடி ஏறப் பார்க்கும். பக்கத்து மனையில் ஒரு லாட்ஜ் வந்து ஆழ்துளைக் கிணறு போட்டு இரவும் பகலும் மோட்டார் ஓட்டினால், உங்கள் கிணறும் கரிக்க ஆரம்பித்துவிடும்.

ஆகவே வீட்டைப் பார்க்கும்போது கோடையின் கடைசியில் கிணற்றுத் தண்ணீரை வாயில் ஊற்றிப் பாருங்கள். பக்கத்து வீட்டு அக்காவிடம், "இந்தத் தண்ணியில பருப்பு வேகுதாக்கா?" என்று கேளுங்கள். புரோக்கர் சொல்லாததை அந்த ஒரு பதில் சொல்லிவிடும். குடிநீர்க் குழாய் எத்தனை நாளுக்கு ஒரு முறை வருகிறது என்பதையும் அவரிடமே கேட்டுக்கொள்ளலாம்.

சுவருக்குள் ஏறும் உப்பு

உப்புக் காற்று இரும்பை விடாது. கிரில் கேட், மின்விசிறி, ஏ.சி. எல்லாம் உள்நாட்டைவிட இங்கே சீக்கிரம் துருப்பிடிக்கும். கண்ணுக்குத் தெரியாமல் கான்கிரீட்டுக்குள் இருக்கும் முறுக்குக் கம்பியும் துருவேறும். துருப்பிடித்த கம்பி உப்பும். கூரைப் பூச்சு பெயர்ந்து விழும். கடற்காற்று நேரடியாகப் படும் கட்டடத்துக்குக் குறைந்தது எம்30 தரக் கான்கிரீட்டும், கம்பிக்கு மேல் 45 மில்லிமீட்டர் கவரும் வேண்டும் என்கிறது ஐ.எஸ். 456 தர விதி. கட்டிய வீட்டை வாங்குவதாக இருந்தால், புது பெயின்டை நம்ப வேண்டாம். கூரையின் அடிப்பக்கத்தையும் சன்ஷேடின் அடியையும் அண்ணாந்து பாருங்கள். பழுப்புக் கோடுகள் தெரிந்தால் விலையைப் பேசும் முன் ஒரு பொறியாளரை அழைத்து வாருங்கள்.

1914-ல் திறந்த பழைய ரயில் பாலத்தையே இந்தக் காற்று ஓய வைத்துவிட்டது. 2022 டிசம்பரில் அதில் ரயில் நின்றது. 2025 ஏப்ரல் 6-ல் திறக்கப்பட்ட புதிய பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் விசேஷப் பூச்சும் தேவைப்பட்டன. பாலத்துக்கே அந்தக் கவனிப்பு என்றால் நம் வீட்டு மொட்டைமாடி எம்மாத்திரம்!

அந்தக் காலத்து வீடுகளுக்கு வேறொரு கதை. மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றிய பவளக் கற்களை வெட்டி வந்து சுவர் எழுப்பினார்கள். சுட்டுச் சுண்ணாம்பும் ஆக்கினார்கள். ஆனால் அந்தப் பவளப்பாறைதான் அலையின் வேகத்தைக் குறைத்துக் கரையைக் காத்தது. ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே இருந்த 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் கடலுக்குள் மூழ்கிவிட்டன. பவளம் வெட்டியது அதற்கு முக்கியக் காரணம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். இப்போது பவளத்தைத் தொடக்கூட முடியாது. வீட்டுச் சுவருக்காகக் கடலின் சுவரை இடித்த கதை இது.

பத்திரம் பேசாத விஷயங்கள்

தாய்ப்பத்திரம், குறைந்தது 30 வருட வில்லங்கச் சான்றிதழ், பட்டா, புலப்பட வரைபடம், மனைப்பிரிவு என்றால் டி.டி.சி.பி. அங்கீகாரம் - இவை எந்த ஊரிலும் பார்க்க வேண்டியவை. கடலோரத்தில் கூடுதலாக மூன்று.

முதலாவது, கடலோர ஒழுங்குமுறை மண்டலம். 1991-ல் வந்து, 2011-லும் 2019-லும் திருத்தி எழுதப்பட்ட விதி இது. உயர் அலைக் கோட்டிலிருந்து நிலப்பக்கம் 500 மீட்டர்வரை இதன் பிடிக்குள் வரும். மக்கள் நெருக்கம் குறைந்த கிராமப்புறக் கரைகளில் முதல் 200 மீட்டரில் புதிதாகக் கட்டவே முடியாது. மணல் மேடு, அலையாத்திக் காடு, ஆமை முட்டையிடும் கரை ஆகியவற்றுக்கு இன்னும் கடுமை. பத்திரம் பதிவாகிவிட்டது என்பதால் வீடு கட்ட அனுமதி கிடைத்துவிட்டதாக அர்த்தமில்லை. சேமிப்பு மொத்தத்தையும் கொட்டி வாங்கிய மனையில் கம்பி வேலி மட்டும் போட்டுவிட்டு நிற்கும் நிலை வரக்கூடாது என்றால், சர்வே எண் இந்த மண்டலத்தின் எந்தப் பிரிவில் வருகிறது என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

இரண்டாவது, பங்காளிகள். சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா என்று பிள்ளைகள் சிதறிய கடற்கரை இது. ஒரு பூர்வீக வீட்டுக்கு ஏழெட்டு வாரிசுகள் இருப்பார்கள். கூட்டுப் பட்டாவாக இருந்தால் ஒருவர் போடும் கையெழுத்து போதாது. எல்லோரும் கையெழுத்திட வேண்டும். அல்லது பாகப்பிரிவினை முடிந்திருக்க வேண்டும்.

மூன்றாவது, பாதை. சின்னப்பாலத்தில் பாசி எடுக்கப் போகும் பெண்கள், வலையைத் தூக்கிக்கொண்டு போகும் மீனவர் எல்லோருக்கும் கடலுக்குப் போக வழி வேண்டும். அந்த வழி நீங்கள் வாங்கும் மனைக்குள் ஓடுகிறதா என்று கேளுங்கள். 20 ஆண்டுகளுக்கு மேல் தடையின்றி நடந்த பாதைக்கு 1882-ஆம் ஆண்டின் ஈஸ்மென்ட் சட்டத்திலேயே இடம் உண்டு. சட்டத்தை விடுங்கள், காம்பவுண்டு சுவர் எழுப்பி ஊரின் வழியை மறித்தவருக்கு, புயல் இரவில் கதவைத் தட்டிச் சொல்ல யார் வருவார்கள்?

செலவுக் கணக்கில் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் சேரும். 2025 ஏப்ரலிலிருந்து, 10 லட்ச ரூபாய் வரையிலான சொத்தைப் பெண்கள் பெயரில் வாங்கினால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறையும்.

விற்பவரின் கணக்கு

1988 அக்டோபரில் சாலைப் பாலம் திறக்கும்வரை தீவுக்கு வர ரயிலோ படகோதான். கார் வந்த பிறகு கடலோர மணலுக்கும் விலை வந்தது. ஒரு மீனவக் குடும்பத்துக்குப் பிள்ளையின் படிப்புக்கோ கல்யாணத்துக்கோ அந்த விலை பெரிய ஆசையாகத் தெரியும். ஆனால் வீடு போனால் கூடவே வள்ளம் ஏற்றும் இடமும், வலை உலர்த்தும் இடமும், விடியலில் கடல் நிறம் பார்த்து முடிவெடுக்கும் வசதியும் போய்விடும். விற்பதானால் அவற்றுக்கும் சேர்த்து விலை போட்டுப் பார்க்க வேண்டும். தனுஷ்கோடியின் மணலில் பட்டாவும் மின்கம்பியும் இல்லாமல் இன்றும் ஓலைக் குடிசைகளில் மீனவக் குடும்பங்கள் வாழ்வது, கடல் அவர்களுக்குத் தொழிற்கூடம் என்பதால்தான்.

விற்க மனம் வராத வீடுகள்

இந்தக் கரையில் வீட்டை ரசித்து வாழ்வது எப்படி என்று தெரிந்துகொள்ள இரண்டு இடங்கள் உண்டு. ஒன்று, ராமேஸ்வரம் மசூதித் தெருவில் அப்துல் கலாம் வளர்ந்த வீடு. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் சுண்ணாம்பும் செங்கல்லும் கொண்டு கட்டியது. கலாமின் அப்பா பக்தர்களைத் தனுஷ்கோடிக்கு ஏற்றிச் செல்லக் கட்டிய படகை ஒரு புயல் கொண்டுபோனது. வீடு நின்றது. இப்போது கண்காட்சியும் கூட்டமுமாக இருக்கிறது.

இன்னொன்று கீழக்கரை. இங்குள்ள முஸ்லிம் குடும்பங்கள் பலவற்றில் கல்யாணமானதும் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து வாழ்வது பழைய வழக்கம். மகளுக்கு வீடு கொடுப்பார்கள். ஆண்கள் கடல்கடந்து வியாபாரத்துக்குப் போன ஊரில், வீடு பெண்ணிடம் நின்றது. பாட்டி, அம்மா, மகள் என்று ஒரே முற்றத்தில் வளர்ந்த வீட்டை அவ்வளவு லேசில் விற்றுவிட முடியாது. அப்படிப்பட்ட வீட்டில் ஒரு துண்டு தொதலும் சுலைமானியும் கிடைத்தால், வீடு என்பதன் ருசி தெரியும்.

இத்தனைக்கும் பிறகும் ஆசை போகவில்லையா? நல்லது. வாங்கும் முன் ஒரு வருடம் வாடகைக்கு இருந்து பாருங்கள். கரையிலிருந்து இரண்டு தெரு தள்ளி, நல்ல கிணறுள்ள வீடாக. விடியலில் ஸ்படிக லிங்க தரிசனம், வரும் வழியில் நாட்டுப்படகு மீன், தையில் பனங்கிழங்கு, சாயங்காலம் பத்து நிமிட நடையில் கடல். ஒரு கச்சானும் ஒரு வாடையும் அந்த வீட்டின் மேல் அடித்துப் போகட்டும். அதற்குள் பக்கத்து வீட்டுக்காரர் உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்திருப்பார். எந்த மனையை வாங்கலாம், எதை வாங்கக் கூடாது என்று அவரே சொல்லிவிடுவார்.