சுடரைக் காக்கும் சிறு கம்பி

அடுப்பில் ஒரு பர்னர் எரியாவிட்டால் எவரும் பெரிதாகக் கலங்குவதில்லை. பக்கத்திலேயே மற்றொன்று இருக்கிறது. ஓவன் எரியாவிட்டால், அதுவும் கிறிஸ்து பிறப்பு விழா நெருங்கும் நாள்களில், வீடே நிலைகொள்ளாமல் தவிக்கும். சென்ற டிசம்பரில் எங்கள் வீட்டு நிலை அதுதான்.

கர்நாடக எல்லையை ஒட்டிய பேரிகையில் குடியிருக்கிறோம். தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் ஒலிக்கும் ஊர் இது. களியும் கீரைக்குழம்பும் உண்டு வளர்ந்த எங்கள் குடும்பத்தில் ஓவன் நுழைந்ததே ஒரு தற்செயல். பெங்களூரில் இருந்த என் மைத்துனர் ஊர் மாறிச் சென்றபோது அதைக் கொடுத்துவிட்டுப் போனார். மேலே நான்கு பர்னர், கீழே ஓவன். ஓவனின் பின்சுவரில் ஒரு சிறு மின்விசிறி. அடியில் எரியும் வாயுச் சுடரின் வெப்பத்தை அந்த விசிறி எல்லாப் பக்கமும் பரப்பும்.

பழுது இதுதான்: குமிழை அழுத்திப் பற்றவைத்தால் ஓவன் எரியும், கையை எடுத்தவுடன் அணைந்துவிடும். ஒரு நிமிடம் அழுத்திப் பிடித்தாலும் அதே கதை. சிலிண்டர் தீர்ந்துவிட்டதோ, மார்கழிக் குளிரில் வாயுவின் அழுத்தம் குறைந்ததோ என்று என் துணைவியார் ஐயுற்றார். மேலே உள்ள பர்னர்கள் நான்கும் நன்றாக எரிந்தன. ஆகவே சிலிண்டரிலும் ரெகுலேட்டரிலும் குறை இல்லை, குறை ஓவனுக்குள்தான்.

அடுப்பு பழுது பார்க்கும் இளைஞர் ஒருவரை அழைத்தோம். கைத்திறன் உள்ளவர், பார்த்த மாத்திரத்தில் காரணத்தைச் சொல்லிவிட்டார். பர்னரின் ஓரத்தில், சுடரில் நனையும்படி, பென்சில் முனை போன்ற ஒரு கம்பி நிற்கிறது. அதன் பெயர் தெர்மோகப்பிள். பாடநூல்கள் வெப்ப மின்னிரட்டை என்கின்றன. “அண்ணா, இந்தக் கம்பிதான் வாயுவை நிறுத்துகிறது. இதை எடுத்துவிட்டு வால்வு எப்போதும் திறந்தே இருக்கும்படி செய்துவிடுகிறேன். பிறகு தொல்லையே இராது” என்றார்.

தொல்லை இராது என்பது உண்மையே. ஆனால் அந்தக் கம்பி செய்யும் வேலையை எண்ணிப் பாருங்கள். இருவேறு உலோகங்களை இணைத்து, அந்த இணைப்பைச் சூடாக்கினால் மின்னோட்டம் பிறக்கும். தாமஸ் சீபெக் என்ற அறிஞர் 1821-ஆம் ஆண்டில் இவ்விளைவைக் கண்டறிந்தார். ஓவனின் கம்பியில் பிறப்பது ஏறத்தாழ 20 முதல் 30 மில்லிவோல்ட் மட்டுமே, கைவிளக்குக்குக்கூடப் போதாது. அவ்வளவு சிறிய ஆற்றல் ஒரு சிறு மின்காந்தத்தைத் தாங்க, அந்தக் காந்தம் வால்வைத் திறந்து பிடித்திருக்கிறது. சுடர் அணைந்தால் கம்பி குளிரும். காந்தம் பிடியை விடும். வில் சுருள் வால்வை மூடிவிடும். சுடர் இல்லாத இடத்தில் வாயு பாயக் கூடாது என்பதே அதன் காவல்.

சமையல் வாயு காற்றைவிடக் கனமானது. மூடிய ஓவனுக்குள்ளும் தரையோரத்திலும் தேங்கி நிற்கும். காற்றில் நூற்றுக்கு ஏறத்தாழ இரண்டு பங்கு கலந்தாலே ஒரு பொறி போதும். நாற்றம் காட்டிக்கொடுக்காதா என்று கேட்கலாம். அந்த நாற்றமும் மனிதர் சேர்த்ததே. 1937 மார்ச்சில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், நியூ லண்டன் என்னும் ஊர்ப் பள்ளியில் மணமற்ற வாயு கசிந்து வெடித்தது. ஏறத்தாழ 300 பேர் மாண்டனர், பெரும்பாலோர் பிள்ளைகள். அதன் பின்னரே வாயுவில் மெர்காப்டன் சேர்க்க அங்கே சட்டம் பிறந்தது. நம் சிலிண்டரிலும் மெர்காப்டனே மணக்கிறது. ஆனால் அதை உணர ஒரு மூக்கு வேண்டுமே! எண்பதைக் கடந்த என் தாயாருக்கு மல்லிகையின் மணமே எட்டுவதில்லை. நாங்கள் வெளியே சென்றபின், பகல் முழுதும் அவ்வீட்டில் இருப்பவர் அவர் ஒருவரே.

ஓசூர் ஆலையொன்றின் பராமரிப்புப் பிரிவில் பல்லாண்டு பணியாற்றியவன் நான். அங்கே உலைகளுக்கும் இத்தகைய சுடர்க் காவல் உண்டு. எழுத்து மூலம் அனுமதி இன்றி எவரும் அதில் கை வைக்க முடியாது. வீட்டில் கேட்பார் இல்லை. ஆகவே, “தம்பி, கம்பி இருக்கட்டும். அதற்கு என்ன குறை என்று பார்ப்போம்” என்றேன்.

சிலிண்டர் வால்வை மூடி, ஓவன் ஆறியபின் கழற்றினோம். கம்பியின் முனையில் கரி படிந்திருந்தது. சுடர் மஞ்சளாக எரிந்தால்தான் கரி படியும். நல்ல சுடர் நீலமாக இருக்கும். மஞ்சளுக்குக் காரணம் பர்னர் குழாயின் காற்றுத் துளையில் இருந்தது: சிலந்திக் கூடு! வாயுக் குழாய்கள் சிலந்திகளுக்கு மிகவும் பிடித்தமானவை. ஏன் என்பது அவற்றுக்கே வெளிச்சம். கூட்டை நீக்கி, முனையை நயமான உப்புத்தாளால் தேய்த்து, விலகியிருந்த கம்பியைச் சுடருக்குள் நிறுத்தினோம். எரிந்தது. மூன்றாம் நாள் மீண்டும் அணைந்தது. மல்டிமீட்டரில் அளந்தபோது 9 மில்லிவோல்ட் மட்டுமே காட்டியது. கம்பியின் ஆயுள் முடிந்திருந்தது. அதே நீளத்தில் புதியது பெங்களூரில் சில நூறு ரூபாய்க்குக் கிடைத்தது. அதன் நட்டைக் கையால் திருகி, ஸ்பேனரால் கால் சுற்று மட்டும் இறுக்க வேண்டும். மிகுந்தால் முனை நசுங்கும். இணைப்புகளில் சோப்பு நீர் தடவி, குமிழி எழவில்லை என்று கண்ட பின்னரே தீ வைத்தோம். தீக்குச்சியைக் காட்டிக் கசிவு தேடுவோர் இன்னும் இருக்கிறார்கள். அவர்களைக் காணும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு பதறுகிறது.

விசிறியிலும் சிறு குறை இருந்தது. இதழ்களில் எண்ணெய்ப் பிசுக்கு ஏறி மெல்லச் சுற்றியதால் கேக் ஒரு புறம் கருகியது. துடைத்ததும் சரியாயிற்று. விசிறி சுற்றும்போது சமையல் குறிப்பில் கண்ட வெப்பத்தில் 20 டிகிரி குறைத்து வைப்பது வழக்கம்.

விழாவுக்கு முந்திய நாள் அந்த இளைஞர் வந்தார். ஓவனை எரியவிட்டு, சிலிண்டர் வால்வை மூடிக் காட்டினேன். சுடர் அணைந்தது. கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி காத்திருந்தோம். நாற்பதாம் விநாடியில் ‘டக்’ என்று ஒலி கேட்டது. காந்தம் பிடியை விட்டது. அவர் சற்று நேரம் பேசாமல் நின்றார். பின்பு, “அண்ணா, மேலே உள்ள நான்கு பர்னருக்கும் இது உண்டா?” என்று கேட்டார்.

இல்லை. நம் வீடுகளில் உள்ள அடுப்புகளில் பெரும்பாலானவற்றுக்கும் இல்லை. பால் பொங்கிச் சுடரை அணைத்தால் வாயு பாய்ந்துகொண்டே இருக்கும். ஆகையால் அம்மா பால் காய்ச்சும் வேளையில் இப்போது எங்களில் ஒருவர் அருகில் நிற்கிறோம். வெளியே செல்லுமுன் சிலிண்டர் வால்வை மூடுகிறோம். கசிவு ஏற்பட்டால் அழைக்க வேண்டிய 1906 என்னும் எண்ணை, அம்மாவின் கண்ணுக்குத் தெரியும் அளவில் பெரிய எழுத்தில், சமையலறைக்கு வெளியே என் மகள் எழுதி ஒட்டியிருக்கிறாள்.