தண்ணீர் ஊற்றிக் கொன்றவனின் வாக்குமூலம்



நான் ஒரு டாக்டர். 3 வருஷத்துக்கு முன்னாடி 4 உயிர்களை என் கையாலேயே கொன்றிருக்கேன். விஷம் வச்சு இல்ல, தண்ணி ஊத்தி.

பதறாதீங்க, செடிகள்தான். பேர் லித்தாப்ஸ்.

பார்த்தா கூழாங்கல் மாதிரியே இருக்கும். சொந்த ஊர் தென்னாப்பிரிக்கா, நமீபியா பக்கம். வறண்ட நிலத்தில் கல்லோடு கல்லாகக் கிடந்து, மேய வரும் விலங்குகளிடமிருந்து தப்பித்துக்கொள்ளும். 1811-ல் வில்லியம் பர்ச்செல் என்பவர் வித்தியாசமான கூழாங்கல் என்று நினைத்துக் கையில் எடுத்த பிறகுதான் அது செடி என்றே அவருக்குத் தெரிந்தது!

இலைகள் ஜோடியாகத்தான் இருக்கும். பெரும்பகுதி மண்ணுக்குள்ளே புதைந்திருக்கும். வெளியே தெரியும் மேல்பகுதி ஜன்னல் மாதிரி. அது வழியாக வெளிச்சம் உள்ளே இறங்கி, உள்ளே இருக்கும் பச்சையம் உணவு தயாரிக்கும். இலைதான் அதோட தண்ணீர்த் தொட்டி.

இதெல்லாம் தெரியாம, ரவுண்ட்ஸ் போற மாதிரி தினமும் காலையில் போய் ஆளுக்கு ஒரு ஸ்பூன் தண்ணி ஊத்தினேன். ஒரே மாசம். நாலும் வீங்கி, வெடித்து, கூழாகிப் போச்சு.

அடுத்த மாசம் நடந்ததுதான் நான் சொல்ல வந்த விஷயம்.

என் அப்பாவுக்கு டயாலிசிஸ். செவ்வாய், வியாழன், சனி. ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணீர் என்று அளவு உண்டு. சித்திரை வெயில். திங்கட்கிழமை. வீட்டில் நான்தான் துணைக்கு.

"தம்பி, நாக்கு வறளுதுடா. ஒரு டம்ளர் குடேன்."

பெத்த அப்பா தண்ணி கேட்கிறார். குடுத்தேன். மறுபடி கேட்டார், குடுத்தேன். எத்தனை டம்ளர் என்று நான் எண்ணவே இல்லை.

ராத்திரி 2 மணிக்கு மூச்சு வாங்கி எழுந்து உட்கார்ந்துட்டார். படுக்க முடியல. நுரையீரலில் நீர். அவசர டயாலிசிஸ் செய்துதான் காப்பாத்தினாங்க. இதே தப்பைச் செய்த எத்தனை பிள்ளைகளை நான் திட்டியிருப்பேன்!

அப்புறம் மறுபடி 4 லித்தாப்ஸ் வாங்கினேன். இந்தத் தடவை படிச்சிட்டு.

மண்ணில் பெரும்பங்கு பொடிக்கல்லும் பருமணலும். அடியில் ஓட்டையுள்ள ஆழமான தொட்டி. காலை வெயில் வேணும், நம்ம ஊர் உச்சி வெயிலுக்கு நிழல் வலை வேணும். மழை படக்கூடாது.

தண்ணீர்? முதல்ல இலையைத் தொட்டுப் பாருங்க. கல் மாதிரி இறுக்கமா இருந்தா வேண்டாம். ஓரம் சுருங்கி மெத்தென்று இருந்தா, ஓட்டை வழியா வழியும் வரை ஒரே தடவையா ஊத்துங்க. அப்புறம் மண் முழுசாகக் காயும் வரை கிட்டயே போகாதீங்க. கோடை உச்சத்தில் அது உறங்கும். அப்போ ரொம்பவே கைகட்டி இருக்கணும்.

ஒரு பொறி இருக்கு. இலை சுருங்கினாலே தாகம்னு அர்த்தம் இல்ல. நடுப் பிளவுக்குள்ளிருந்து புது ஜோடி இலை வரும்போது, பழைய இலைகள் தங்கள் தண்ணீரை அதுக்குக் கொடுத்துட்டுச் சருகாகும். பாவம்னு அப்போ தண்ணி ஊத்தினா, பழசும் காயாது, புதுசும் ஒழுங்கா வளராது.

கஷ்டமான வைத்தியமே இதுதான். கை பரபரக்கும்போது சும்மா இருப்பது.

உங்க வீட்டிலும் டாக்டர் தண்ணீர் அளவு சொன்ன சிறுநீரக நோயாளியோ இதய நோயாளியோ இருந்தா, காலையிலேயே அந்த அளவை ஒரு பாட்டிலில் பிடிச்சு வையுங்க. காபி, மோர், ரசம், கஞ்சி எல்லாமே அந்தக் கணக்கில்தான் சேரும். உப்பைக் குறைச்சா தாகமும் குறையும். வாய் கொப்பளித்துத் துப்பலாம். டாக்டர் சொல்லாம நீங்களா அளவைக் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்.

அப்பா இப்போ சாயங்காலம் பால்கனியில்தான் உட்காருவார். போன வாரம் அந்தத் தொட்டியைப் பார்த்துச் சொன்னார்:

"உங்களுக்கும் இவன்தான் டாக்டரா? அப்போ தண்ணி கேட்டுடாதீங்க, தர மாட்டான்."

சிரிச்சேன். அவருக்கு அன்றைய பாட்டிலில் இன்னும் கால்வாசி மிச்சம் இருந்தது.